தொடக்கநிலை 3 மகளுக்கு மீத்திறன் தேர்வு: பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டுமா?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். எழுதுவது இது இரண்டாவது முறை, அதனால் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். என் மகள் இந்த ஆண்டு தொடக்கநிலை 3, அதாவது மூன்றாம் வகுப்பு. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து இறங்கி நடந்தால் ஏழு நிமிடத்தில் பள்ளி. போன வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "திறன்மிக்க பிள்ளைகளை அடையாளம் காணும் முறை இந்த வருஷம் மாறுகிறது, யார் யார் தயார் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். அவ்வளவுதான், இரவு பதினொன்றரை வரை போன் அடங்கவில்லை. ஒருவர் ஜனவரியிலேயே பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாராம். இன்னொருவர் பிள்ளையை இரண்டு இடத்துக்கு அனுப்புகிறாராம்.

மகளைப் பற்றிப் பெருமையடிக்க இதை எழுதவில்லை. ஆனால் இரண்டு விஷயம் சொன்னால்தான் என் குழப்பம் புரியும். ஒன்பதாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, 18-ல் ஒன்றும் எட்டும் ஒன்பது, 27-ல் இரண்டும் ஏழும் ஒன்பது, 36-லும் அப்படியே. ஏன்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. சோறு வேறு அடுப்பில் இருந்தது. "அது அப்படித்தான்டி" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது: வகுப்பில் கணக்குத் தாளை முதலில் முடிப்பாளாம், ஆசிரியர் அதே மாதிரி இன்னொரு தாள் கொடுப்பாராம். இப்போது வேண்டுமென்றே மெதுவாக எழுதுகிறாள். "சீக்கிரம் முடிச்சா இன்னொரு தாள் வரும்மா" என்கிறாள். எட்டு வயசில் இந்த சாமர்த்தியம்.

ஆங்கிலத்தில் சுமார்தான். வீட்டில் நாங்கள் தமிழ் பேசுவதால் இருக்கலாம். பழைய மீத்திறன் திட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள், அப்படியானால் இப்போது எதற்குத் தேர்வு? தேர்வானால் வேறு பள்ளிக்குப் போக வேண்டுமா? "தஞ்சாவூரில் அரசுப் பள்ளியில் படிச்சப்ப எனக்கு யார் தேர்வு வச்சாங்க, விடு" என்கிறார் என் வீட்டுக்காரர். விட்டுவிடலாமா?

செங்காங் அப்பா எழுதியது:

சகோதரி, பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் 2023-ல் தொடக்கநிலை 3. அப்போது பழைய முறை. ஆகஸ்டில் முதல் சுற்று, ஆங்கிலமும் கணக்கும். அதில் தேறினால் அக்டோபரில் இரண்டாம் சுற்று, கூடவே பொதுத் திறன் தாள். ஒரு நிலையத்தில் நான்கு மாதம் சேர்த்தேன், மாதம் 320 வெள்ளி. சனிக்கிழமைக் காலை முழுக்க வடிவக் கேள்விகள்தான்: அடுத்து வரும் முக்கோணம் எந்தப் பக்கம் பார்க்கும், எந்தப் பெட்டி இந்த வரிசையில் சேராது. முதல் சுற்றில் தேறினான். இரண்டாவதில் இல்லை.

அது பரவாயில்லை. ஆனால் அந்த நவம்பரில் அவன் சொன்னது: "அப்பா, பிராக்டிஸ் பண்ணியும் வரலைன்னா நான் முட்டாள்தானே?" பயிற்சி இல்லாமல் போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. தயார் செய்ய வேண்டாம் என்று கல்வி அமைச்சு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது. நான்தான் "எல்லாரும் அனுப்புறாங்க" என்று போனேன்.

இப்போது தொடக்கநிலை 6. நன்றாகத்தான் படிக்கிறான். ஆனால் முன்பெல்லாம் காகிதத்தில் ஏதாவது மடித்துக்கொண்டே இருப்பான். அந்த நான்கு மாதத்தில் அது நின்றது, பிறகு திரும்பவே இல்லை.

மைனா அம்மா எழுதியது:

ஈசூன் தங்கச்சி, நான் அந்தப் பழைய திட்டத்தில் ஒரு பிள்ளையை அனுப்பி எடுத்தவள். சாயங்காலம் டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் சந்தேகம். மீத்திறன் திட்டம் 1984-ல் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளிகளில் அது 2008-லேயே முடிந்துவிட்டது. தொடக்கப்பள்ளியில் மட்டும் தொடர்ந்தது: ஒவ்வொரு ஆண்டும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, தொடக்கநிலை 4 முதல் ஒன்பது பள்ளிகளில் தனி வகுப்பு. 2024 ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் இந்த முறையை நிறுத்தப் போவதாகச் சொன்னார். 2024-ல் தொடக்கநிலை 1-ல் இருந்தவர்கள்தான் புதிய முறைக்கு முதல் அணி. அதாவது உங்கள் மகளின் அணி. அவளுக்கு இரண்டு சுற்று கிடையாது, ஒரே கட்டம். தேர்வோடு சேர்த்து, வகுப்பாசிரியர் அன்றாடம் பார்ப்பதையும் பிள்ளை செய்யும் வேலையையும் கணக்கில் எடுப்பார்கள். இப்போது தவறினாலும் பின்னால் சேர்த்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். பள்ளி மாற வேண்டாம். அவரவர் பள்ளியிலேயே கூடுதல் திட்டம் இருக்கும். அதற்கும் மேலே தேவைப்படுகிறவர்கள் பள்ளி நேரம் முடிந்தபின் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளிக்குப் போய் ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று தங்களுக்குப் பலமான பாடத்தில் கூடுதலாகப் படிக்கலாம். இப்படியான வாய்ப்பு முன்பு சுமார் 7 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு இருந்தது, இனி 10 விழுக்காட்டுக்குக் கிடைக்கும் என்றார்கள்.

பள்ளி மாற வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களைக் கேட்டால் தெரியும்.

2015 நவம்பரில் கடிதம் வந்தபோது வீட்டில் பாயசம் வைத்தேன். மறுநாள்தான் பள்ளிப் பட்டியலை உட்கார்ந்து படித்தோம். ஒன்பதில் நான்கு பள்ளிகள், கத்தோலிக் ஹை, நான் ஹுவா, நன்யாங், தாவ் நான், சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். அங்கே தாய்மொழி என்றால் சீனம். ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி, பெயரே சொல்கிறது, மகனுக்கு ஆகாது. ஆக ஒரு தமிழ்ப் பையனுக்கு மீதி இருந்தது ரோசித், ஹென்றி பார்க், செயின்ட் ஹில்டாஸ், ஆங்கிலோ சைனீஸ் என்ற நான்குதான். சீன நண்பர்களிடம் இதைச் சொன்னால், "அட, அப்படியா?" என்பார்கள். அவர்களுக்கு அது தோன்றவே வழியில்லை.

நாங்கள் சுவா சூ காங். அந்த நான்கில் எதுவும் பக்கத்தில் இல்லை. மூன்று வருடம் காலை ஐந்தேகாலுக்கு எழுந்தான். பள்ளிப் பேருந்தில் ஏறியதும் தூக்கம். புளோக்கின் கீழே பந்து விளையாடும் கூட்டாளிகள் மெல்ல மெல்லக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எனக்கு அதுதான் வலித்தது. அவன் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

சரி, கிடைத்தது என்ன? இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மீத்திறன் வகுப்பு என்றால் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை நான்காம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பாடத்திட்டம் அதேதான், கடைசியில் எழுதுவதும் எல்லாரும் எழுதும் அதே பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. வகுப்பில் இருபத்தைந்து பேர்தான். ஒரு பாடத்தில் மற்றவர்களைவிட ஆழமாக இறங்குவார்கள். தமிழுக்கும் உடற்பயிற்சிக்கும் மற்ற வகுப்புப் பிள்ளைகளோடுதான் உட்கார்ந்தான். இதோடு, அவரவர் விருப்பப்படி ஓர் ஆய்வு செய்ய வேண்டும். என் மகன் எடுத்தது மைனா.

எங்கள் புளோக்கை ஒட்டிய மரங்களில் சாயங்காலம் ஆனால் மைனாக்கள் வந்து அடையும். காது கிழியும். எத்தனை வருகின்றன, மழை பெய்தால் சீக்கிரம் வருகின்றனவா என்று பார்க்கப் போவதாகச் சொன்னான். ஆறரை மணிக்கு ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, கொசு மருந்து, கையில் அழுத்தினால் எண் கூடும் அந்தச் சின்னப் பொத்தான் கருவி. தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு டிக் டிக் டிக். பதினொரு நாள். 412, 388, 430 என்று அட்டவணை போட்டு, கலர் பென்சிலில் படம் வரைந்து கொண்டுபோனான். நான் நூற்றுக்கு நூறு என்று நினைத்தேன்.

ஆசிரியை பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "ஒரே மைனாவை நீ இரண்டு முறை எண்ணவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. கோபம். மைனாக்கள் மரத்துக்கு வந்து உட்காரும், திடீரென்று எல்லாம் கிளம்பி ஒரு வட்டம் அடித்துத் திரும்ப வரும், அது அவனுக்கும் தெரியும். மறுநாள் தங்கச்சியையும் கூப்பிட்டு இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினார்கள். இவன் 401, அவள் 296. சண்டை. பிறகு தாழ்வாரத்தில் நின்று எண்ணுவதை விட்டுவிட்டு, மரத்துக்கு வரும் வழியை மூன்றாகப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் ஐந்து நிமிடம் எண்ணுவது, உள்ளே போவதைக் கூட்டி வெளியே வருவதைக் கழிப்பது என்று ஏதேதோ செய்தான். கடைசி அறிக்கையின் முதல் பக்கத்திலேயே "என் முதல் பதினொரு நாள் கணக்கு தவறு" என்று எழுதினான். அதற்கு ஆசிரியை நட்சத்திரம் போட்டிருந்தார். 'மைனா அம்மா' என்ற என் பட்டப்பெயர் வந்த கதையும் இதுதான், என் மகள் வைத்தது.

மூன்று வருடத்தில் எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு கேள்விதான். பதில் கொண்டுவந்த பிள்ளையிடம் "சபாஷ்" என்று மட்டும் சொல்லி அனுப்பாமல் அடுத்த கேள்வியைக் கேட்க ஒரு பெரியவர் இருந்தார். அப்புறம், மைனா எண்ணுகிறவனைப் பைத்தியம் என்று சொல்லாத இரண்டு மூன்று கூட்டாளிகள். மற்றதெல்லாம், பள்ளிப் பெயர், சொந்தக்காரர்களின் புருவம் உயர்வது, அதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும்.

உங்கள் பெண் வேண்டுமென்றே மெதுவாக எழுதுவதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. பயிற்சி வகுப்பைவிட அதுதான் அவசரம்.

தெம்பனிஸ் 21 எழுதியது:

மைனா அக்கா சொன்னதில் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. புதிய முறை எல்லாருக்கும் நல்லது என்பது போல ஒலிக்கிறது. என் மகள் பழைய திட்டத்தின் கடைசி அணிகளில் ஒருத்தி. முந்தைய பள்ளியில் வாயே திறக்க மாட்டாள். கேள்வி கேட்டால் பிள்ளைகள் கண்ணைச் சுழற்றுவார்களாம். இப்போது நாள் முழுக்கத் தன்னைப் போன்றவர்களோடு இருக்கிறாள், சிரிக்கிறாள். பள்ளி முடிந்தபின் கொஞ்ச நேரம் இன்னொரு பள்ளிக்குப் போய் வருவது இதற்கு ஈடாகுமா? காலையிலிருந்து அதே சலிப்போடு உட்கார்ந்துவிட்டு, களைத்துப்போய்த்தானே அங்கே போவார்கள்? அதோடு வேலைக்குப் போகிற பெற்றோருக்கு நடுப்பகலில் யார் கூட்டிக்கொண்டு போவது?

மைனா அம்மா எழுதியது:

நியாயம்தான். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைக்கு முழு வகுப்புதான் பொருந்தும், அது இனி இல்லை என்பது இழப்புதான். என் மகனுக்குப் புதிய முறை போதுமாயிருந்திருக்கும். கூட்டிக்கொண்டு போகும் பிரச்சினைக்கு என்னிடமும் பதில் இல்லை. தாத்தா பாட்டி இங்கே இருக்கிற வீடுகளுக்குச் சுலபம், நம்மில் பாதிப்பேருக்கு அவர்கள் ஊரில்.

ஈசூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செங்காங் அண்ணன் மகன் கேட்டதைப் படித்துவிட்டு வாட்ஸ்அப் குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டேன். பயிற்சி வகுப்பு வேண்டாம், முடிவு செய்தாயிற்று.

ஆனால் அக்கா, அடுத்த கேள்வி கேட்க ஒரு பெரியவர் வேண்டும் என்கிறீர்கள். நான் வணிகவியல் படித்தவள். ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கே "அப்படித்தான்" என்றவள். நான் என்ன கேட்பது? அவள் ஆசிரியரிடம் போய் எப்படிப் பேசுவது? "என் பிள்ளை கெட்டிக்காரி, கவனியுங்கள்" என்று சொல்லப் போனால் என்ன நினைப்பார்?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எழுதியது:

அம்மா, இருபத்தேழு வருடம் இங்கே தொடக்கப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். உங்கள் மகளுக்கு இரண்டாவது தாள் கொடுத்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அதைச் செய்தவன்தான். முப்பத்தெட்டுப் பேர் இருக்கிற வகுப்பில் பத்து நிமிடத்தில் ஒருத்தி முடித்து நிமிர்ந்து பார்த்தால், கைக்கு எட்டுவது இன்னொரு தாள்தான். அது பரிசு போலத் தெரியும். பிள்ளைக்கு அது தண்டனை.

ஆசிரியரிடம் "கெட்டிக்காரி" என்று போகாதீர்கள். எங்கள் காதில் அந்த வார்த்தை தினம் விழும், மதிப்பே இருக்காது. நடந்ததைச் சொல்லுங்கள்: "கூடுதல் தாள் வரும் என்று மெதுவாக எழுதுகிறாள்." எந்த ஆசிரியரும் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார். பிறகு, "முடித்தபின் அதே வகைக் கணக்கு இருபது வேண்டாம், கடினமானது ஒன்று போதும், அல்லது அவளே ஒரு கணக்கு உருவாக்கட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். கணக்கை உருவாக்கச் சொல்வது எனக்குப் பலமுறை கைகொடுத்தது. உருவாக்குகிறபோதுதான் பிள்ளை எதைப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது வெளியே தெரியும்.

தேர்வு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921-ல் கலிஃபோர்னியாவில் பிள்ளைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்து, ஏறத்தாழ 1500 பேரைத் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். சோதனையில் போதிய எண் வராமல் விடுபட்டவர்களில் இரண்டு பேர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். முன்னவர் 1956-லும் பின்னவர் 1968-லும் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் நோபல் இல்லை. சோதனையே வீண் என்று சொல்லவில்லை. அது வீசுகிற வலைக்கு ஓட்டை உண்டு, அவ்வளவே. பின்னால் 1978-ல் ஜோசப் ரென்சுல்லி என்பவர், திறமை மட்டும் போதாது, புதிதாக யோசிப்பதும் எடுத்ததை விடாமல் செய்வதும் சேர வேண்டும் என்றார். பதினொரு நாள் மைனா எண்ணிவிட்டு, தவறு என்று தெரிந்ததும் மறுபடி நாற்காலியைப் போட்டானே, அது எந்தத் தாளிலும் வராது. ஆசிரியரின் கவனிப்பையும் கணக்கில் எடுப்பது எனக்குப் பிடித்த மாற்றம். ஆசிரியருக்குக் கவனிக்க நேரம் இருக்க வேண்டும், அது வேறு கதை.

ஆங்கிலத்துக்காகத் தமிழ் பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். நூலகத்தில் அவளாக எடுக்கும் புத்தகத்தை எடுக்க விடுங்கள், டைனோசர் ஆனாலும் சரி, பேய்க்கதை ஆனாலும் சரி. ஜூரோங்கில் அறிவியல் நிலையம் நடத்தும் இளம் விஞ்ஞானி அட்டை பற்றிப் பள்ளியில் கேளுங்கள். பிள்ளை தானே வேலைகளைத் தேர்ந்தெடுத்துச் செய்து பேட்ஜ் வாங்கலாம். அவளைப் போன்றவர்களுக்குச் சரியாக இருக்கும்.

இனி ஒன்பதாம் வாய்ப்பாடு. காரணம் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஒன்பதைக் கூட்டுவது என்றால் பத்தைக் கூட்டி ஒன்றை எடுப்பது. பத்தின் இடத்தில் ஒன்று ஏறும், ஒன்றின் இடத்தில் ஒன்று இறங்கும். ஏறியதும் இறங்கியதும் சரியாகப் போவதால் கூட்டுத்தொகை மாறாது. இதை அவளிடம் சொல்லாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒன்பது ஒன்பதாகச் சேர்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். கட்டுகிற கை கண்டுபிடித்துவிடும்.

கண்டுபிடித்தபின் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "நமக்கு எட்டு விரல்தான் என்று வை. பத்துப் பத்தாகக் கட்டாமல் எட்டு எட்டாகத்தான் கட்டுவோம். அப்போது எந்த வாய்ப்பாட்டுக்கு இந்த வித்தை வரும்?" விடையை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிடுவீர்கள். உங்களுக்கே தெரியாமல் இருப்பது நல்லது, இரண்டு பேரும் சேர்ந்து தேடுவீர்கள்.

செங்காங் அப்பா எழுதியது:

வாத்தியாரே, இதை 2023-ல் எழுதியிருந்தால் எனக்கு 1280 வெள்ளி மிச்சம்.

ஈசூன்வாசி எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஆசிரியரைப் பார்த்தேன். வாத்தியார் சொன்ன மாதிரி மெதுவாக எழுதும் விஷயத்தை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எழுத்து அழகாக வர மெதுவாக எழுதுகிறாள் என்று நினைத்துப் பாராட்டினேன்" என்றார். இப்போது முடித்தபின் அவளே கணக்கு உருவாக்கலாம். நேற்று உருவாக்கியதில் ஒரு மாமா 347 பரோட்டா வாங்குகிறார்.

குச்சி விஷயம். இருநூறு குச்சி ஒரு பாக்கெட், ரப்பர் பேண்டு ஒரு பை. ஒன்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். எட்டு விரல் கேள்வியைக் கேட்டேன். முதலில் எட்டாம் வாய்ப்பாடு என்றாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டிப் பார்த்தால் எல்லாம் முழுக் கட்டாக வந்து நின்றது, ஒரு குச்சிகூட உதிரியாக இல்லை. "இது வேலைக்கு ஆகாது" என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள். இரண்டு நாள் கூடத்தில் குச்சியாகவே கிடந்தது, என் வீட்டுக்காரர் மிதித்துவிட்டுத் திட்டினார்.

வியாழக்கிழமை இரவு பல் தேய்க்கப் போனவள் பிரஷோடு ஓடிவந்தாள். "அம்மா, ஏழு! பதினாலு குச்சின்னா ஒரு கட்டு, ஆறு உதிரி. ஒண்ணும் ஆறும் ஏழு! இருபத்தொண்ணுன்னா ரெண்டு கட்டு, அஞ்சு. அதுவும் ஏழு!" சட்டையெல்லாம் பற்பசை நுரை. அவள் அப்பா குச்சிகளை எடுத்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, இருபத்தெட்டு வருகிறதா என்று கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் ஆறு விரல் என்றால் என்ன ஆகும் என்று கேட்கிறாள். வாத்தியார் ஐயா, அதற்கு அடுத்து நான் என்ன கேட்கட்டும்?